பிக்கப்பை உயர்த்தும் முன் எடை மேடைக்குப் போங்கள்

காலியாக நிற்கும் பிக்கப்பைப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பின்பக்கம் தூக்கியும் மூக்கு குனிந்தும் தெரியும். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு வி-கிராஸ் இரண்டுமே அப்படித்தான். வாங்கிய சில மாதங்களில் அது பலருக்கும் கண்ணை உறுத்த ஆரம்பிக்கும். ஆனால் அது குறை இல்லை. பின்னால் இருக்கும் பட்டை ஸ்பிரிங் லோடுக்காகப் போட்டது. தொட்டியில் உரமூட்டையோ ஜெனரேட்டரோ ஏறியதும் பின்பக்கம் இறங்கி வண்டி சமமாக வரட்டும் என்று கணக்குப் பண்ணித்தான் கம்பெனி அந்தச் சாய்வை விட்டிருக்கிறது.

அந்தச் சாய்வை எடுக்க முன்பக்கத்தை மட்டும் 35 முதல் 50 மி.மீ. வரை உயர்த்துவது லெவலிங். நான்கு பக்கமும் சேர்ந்து உயர்வது லிஃப்ட். கேபினுக்கும் சேஸுக்கும் நடுவே கட்டைகளை வைத்து உடம்பை மட்டும் தூக்குவதற்கு பாடி லிஃப்ட் என்று பெயர். பாடி லிஃப்டில் ஸ்டீயரிங் ஷாஃப்ட், ரேடியேட்டர் ஃபேன் கவர், டீசல் நிரப்பும் குழாய், கியர் லீவர் என்று பத்து இடத்தில் இழுபறி வரும். சேஸ் ஒரு மி.மீ.கூட உயராது. இந்த வண்டிகளுக்கு அது வேண்டாம்.

முதலில் உங்கள் வண்டியின் அடியில் எது இடிக்கிறது என்று பாருங்கள். செலவின் பாதி இந்த ஒரு பதிலில் அடங்கியிருக்கிறது. எஸ்டேட் பாதையில் நடுவே துருத்தி நிற்கும் கல் பின் டிஃபரன்ஷியலின் (பின் ஆக்சிலின் நடுவே உள்ள பற்சக்கரப் பெட்டி) உருண்டையைத் தட்டுகிறது என்றால், லிஃப்ட் கிட் போட்டு ஒரு பயனும் இல்லை. ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தினாலும் பின் ஆக்சில் இருந்த இடத்திலேயே இருக்கும். அது சக்கரத்தோடு பிணைந்தது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். முன் பம்பரின் கீழ் விளிம்போ, படிக்கட்டோ, இரண்டு சக்கரங்களுக்கு நடுவே வயிற்றுப் பகுதியோ உரசுகிறது என்றால்தான் ஸ்பிரிங் உயரம் உதவும்.

டயரில் கிடைக்கும் உயரத்தையும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 265/65 ஆர்17 டயரின் விட்டம் ஏறத்தாழ 776 மி.மீ. 285/70 ஆர்17 போட்டால் 831 மி.மீ. வித்தியாசம் 55 மி.மீ., ஆக்சிலுக்கு அடியில் கிடைப்பது அதில் பாதி, 27 மி.மீ. அந்த 27 மி.மீ.க்கு நீங்கள் கொடுக்கும் விலை: ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வண்டி உண்மையில் 107-ல் ஓடும், ஓடோமீட்டர் அதே அளவுக்குக் குறைவாக ஓடும், கியர் ரேஷியோ 7 சதவீதம் உயர்ந்ததுபோல் ஏற்றத்தில் இழுவை குறையும், மைலேஜ் இறங்கும், பிரேக்குக்கு வேலை கூடும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயரின் பின் தோள் ஃபெண்டர் லைனரிலும் கேபின் மூலையிலும் உரசும். ஸ்டெப்னி அடியில் அதன் இடத்தில் உட்காராமலும் போகலாம். அதே மாடலின் இன்னொரு வேரியன்டில் கம்பெனியே கொடுக்கும் அளவுக்குள், ஆல் டெரெய்ன் டயர் ஒன்றை மட்டும் மாற்றி ஆறு மாதம் ஓட்டிப் பாருங்கள் என்பதே எங்கள் முதல் ஆலோசனை. அதற்குப் பிறகு லிஃப்டே வேண்டாம் என்று முடிவெடுப்பவர்கள் நிறைய. டயர் எடுக்கும்போது லோடு இண்டெக்ஸ் எண் (டயர் தாங்கும் எடையைக் குறிப்பது) பழைய டயருடையதைவிடக் குறையக் கூடாது.

இரண்டாவது வேலை எடை மேடை. ஊருக்கு ஊர் லாரி எடை போடும் மேடை இருக்கிறது. டேங்க் முழுக்க டீசல் நிரப்பி, வழக்கமாக ஏறும் ஆட்களோடும் சாமான்களோடும் போய், முதலில் முழு வண்டியை எடை போடுங்கள். பிறகு முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்கும்படி ஒரு சீட்டு, பின் சக்கரம் மட்டும் நிற்கும்படி ஒரு சீட்டு. இந்த மூன்று சீட்டும் இல்லாமல் ஸ்பிரிங் வாங்குவது அளவெடுக்காமல் சட்டை தைப்பது மாதிரி. ஸ்பிரிங்குகள் எடை வாரியாகவே வருகின்றன: கம்பெனி பம்பர் மட்டும் இருக்கும் வண்டிக்கு ஒன்று, இரும்பு பம்பர் உள்ளதற்கு ஒன்று, இரும்பு பம்பரும் வின்ச்சும் (வண்டியை இழுக்கும் கயிற்று மோட்டார்) உள்ளதற்கு ஒன்று. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்தால் முன்பக்கத்தில் நூறு கிலோவை ஒட்டி எடை ஏறிவிடும். மெல்லிய ஸ்பிரிங் போட்ட லிஃப்ட் அன்றைக்கே பாதி காணாமல் போகும். நேர்மாறாக, பம்பர் பிற்பாடு வரும் என்று நினைத்து இப்போதே கடினமான ஸ்பிரிங் போட்டால், வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் பல்லைக் கடிக்க வைக்கும். பம்பர் முதலில், ஸ்பிரிங் பிறகு. இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

எடையோடு உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்கக் கூடாது, காற்று குறைந்திருந்தால் கணக்கு மாறும். சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை டேப் பிடித்து, நான்கு மூலைக்கும் எழுதி வையுங்கள். சமமான சிமென்ட் தரையில், வண்டியை முன்னும் பின்னும் சில அடி உருட்டி நிறுத்திய பிறகு அளக்க வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் சக்கரம் உள்வாங்கி நின்று பொய் சொல்லும். இடமும் வலமும் 5 முதல் 10 மி.மீ. வரை வித்தியாசம் இருப்பது சாதாரணம். வேலைக்கு முன்பே அது தெரிந்திருந்தால் தாழ்ந்த பக்கத்துக்கு மெல்லிய டிரிம் பேக்கர் (உயரத்தைச் சமன்செய்யும் வளையம்) ஒன்றைச் சேர்க்கச் சொல்லலாம். தெரியாவிட்டால், புது கிட் போட்ட மறுநாள் ‘வண்டி ஒரு பக்கம் சாயுதே’ என்ற சண்டை வரும்.

முன்பக்கத்தை உயர்த்த மலிவான வழி ஸ்பேசர். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் தலைக்கும் சேஸுக்கும் நடுவே அலுமினியமோ பாலியூரித்தேனோ ஒரு வளையம் வைப்பார்கள். இங்கே பலர் ஏமாறும் ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்ட்ரட்டின் கீழ் முனை சக்கரத்தில் இல்லை, சக்கரத்தைச் சேஸோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்மின் நடுப்பகுதியில் இருக்கிறது. ஆகவே மேலே 25 மி.மீ. வளையம் வைத்தால் சக்கரத்தில் 45 முதல் 50 மி.மீ. உயரம் வரும். 50 மி.மீ. லிஃப்ட் வேண்டும் என்று 50 மி.மீ. வளையத்தை வாங்கி மாட்டினால் வண்டி ஏறத்தாழ 100 மி.மீ. உயர்ந்துவிடும். வாங்கும்போது, பெட்டியில் எழுதியிருப்பது வளையத்தின் தடிமனா, சக்கரத்தில் வரும் உயரமா என்று கேளுங்கள்.

ஸ்பேசரின் உண்மையான ஆபத்து வண்டி நிற்கும்போது தெரியாது; சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதுதான் தெரியும். சக்கரம் எவ்வளவு கீழே இறங்கலாம் என்பதை ஸ்ட்ரட்டின் முழு நீளம்தான் தடுத்து நிறுத்துகிறது. மேலே வளையம் சேர்ந்ததும் அந்தத் தடை அத்தனையும் கீழே இறங்கிவிடுகிறது. பள்ளத்தில் சக்கரம் தொங்கும் ஒவ்வொரு முறையும் மேலே உள்ள அப்பர் ஆர்மின் பால் ஜாயின்ட்டும், முன் ஆக்சிலைக் கோணத்திலும் சுழலவிடும் சி.வி. ஜாயின்ட்டும் கம்பெனி நினைத்துப் பார்க்காத கோணத்துக்குப் போகும். அப்பர் ஆர்ம் ஸ்பிரிங்கில் போய்த் தட்டும். ஸ்பேசர் போட்டே ஆக வேண்டும் என்றால் சக்கரத்தில் 35 மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்து, அப்பர் ஆர்முக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்க வேண்டாம்.

ஸ்பிரிங்கை மட்டும் நீளமானதாக மாற்றி, பழைய ஷாக்கையே வைத்துக்கொள்வது இன்னொரு வகை. இதில் தொங்கும் எல்லை மாறாது, அதனால் ஜாயின்ட்டுகள் பிழைக்கும். ஆனால் வண்டி நிற்கும் இடம் அந்த எல்லைக்கு அருகில் வந்துவிடுகிறது. வேகத்தடையிலிருந்து இறங்கும்போது முன்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால், ஷாக் முழுக்க நீண்டு அதன் தலையில் இடிக்கிறது என்று அர்த்தம். சில ஆயிரம் கிலோமீட்டரில் ஷாக் ஆயில் கக்கும். உயர்த்துவதற்கென்றே வடிவமைத்த ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஜோடியாக வருவதுதான் சரியான முறை.  விலை பல மடங்கு. காசு இப்போது இல்லை என்றால் காத்திருந்து அதையே வாங்குங்கள்.

முதல் தலைமுறை டி-மேக்ஸ் போன்ற பழைய வண்டிகளில் முன்னால் சுருள் ஸ்பிரிங் கிடையாது, முறுக்கத்தால் ஸ்பிரிங்காக வேலை செய்யும் டார்ஷன் பார் என்ற இரும்புத் தண்டு இருக்கும். போல்ட்டை முறுக்கினால் உயரம் ஏறும். காசு செலவில்லாத லிஃப்ட் என்று சொல்லி முறுக்கிவிடுவார்கள். அதிலும் மேலே சொன்ன அதே வில்லங்கம் உண்டு: சக்கரம் இறங்குவதற்கு இடம் மிஞ்சாது.

நான்கு சக்கர ஓட்டம் உள்ள வண்டியில் 50 மி.மீ. என்பது எல்லைக்கோடு. அதற்கு மேல் சி.வி. ஆக்சில் செங்குத்தாக இறங்க ஆரம்பிக்கும். ஜாயின்ட்டை மூடும் ரப்பர் பூட்டின் மடிப்புகள் ஒரு பக்கம் விரிந்து, எதிர்ப்பக்கம் ஒன்றோடொன்று உரசும். உரசி ஓட்டை விழுந்ததற்கு அடையாளம், சக்கரத்தின் உள்பக்கத்திலும் ஷாக்கிலும் விசிறியடித்ததுபோல் கறுப்பு கிரீஸ். அதைப் பார்த்த வாரமே பூட்டை மாற்றினால் ஆக்சில் தப்பும். மண் உள்ளே போய்விட்டால் ஜாயின்ட்டே போச்சு. முன் டிஃபரன்ஷியலை 20–25 மி.மீ. கீழே இறக்கும் டிராப் கிட் கோணத்தைக் குறைக்கும், ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய கிளியரன்ஸை அதே இடத்தில் திருப்பிக் கேட்கும். 50-ஐத் தாண்டினால் அப்பர் கன்ட்ரோல் ஆர்மையும் மாற்ற வேண்டும். அதையும் சேர்த்துப் பட்ஜெட் போட முடியாதவர்கள் 40-லேயே நின்றுவிடுவது நல்லது.

பின்பக்கத்துக்கு வருவோம். ஆக்சிலுக்கும் பட்டைக்கும் நடுவே இரும்புக் கட்டை வைப்பது ஒரு வழி. ஒரே கட்டை, 50 மி.மீ.க்குள், நடு ஊசி சரியாக உட்காரும்படி இருந்தால் தாங்கும். கட்டை மேல் கட்டை வைத்தால் கழன்று தெறிக்கும். அது உயிருக்கு ஆபத்து. கட்டை உயர உயர, ஆக்சிலுக்குப் பட்டையை முறுக்கும் நெம்புகோல் நீளமாகிறது. ஏற்றத்தில் முதல் கியரில் எடுக்கும்போது பின்னால் திடுதிடுவென்று குதித்தால், பட்டை எஸ் மாதிரி வளைகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

பட்டையின் ஒரு முனையைச் சேஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாக்குவது இரண்டாவது வழி, 50 மி.மீ. கூடுதல் நீளமுள்ள ஷாக்கிளில் 25 மி.மீ. உயரம்தான் கிடைக்கும், டிஃபரன்ஷியலுக்குள் நுழையும் பினியன் தண்டின் கோணமும் மாறும். கட்டில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது மூன்றாவது. எப்போதும் லோடு ஏற்றுபவர்களுக்கு அது நல்லது, காலியாக ஓட்டுபவர்களுக்கு முதுகுவலி. நிரந்தரமான வழி, எடைச் சீட்டைக் காட்டி அதற்கேற்ற புதுப் பட்டைக் கட்டும் ஷாக்கும் வாங்குவது. எந்த வழியில் போனாலும் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யூ போல்ட் புதிதாக இருக்க வேண்டும். ஒருமுறை இறுக்கி நீண்ட போல்ட் திரும்ப அதே பிடியைக் கொடுக்காது.

பின்பக்கம் உயர்ந்ததும் கிளம்பும் வேகத்தில் கேபின் தரையில் ஒரு அதிர்வு வந்தால், கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் பிரொப்பல்லர் ஷாஃப்டைப் பாருங்கள். இரட்டை கேபின் வண்டிகளில் அது இரண்டு துண்டாக, நடுவே சென்டர் பேரிங்கோடு வரும். பேரிங் பிராக்கெட்டை 10–20 மி.மீ. இறக்கினாலோ, பட்டைக்கு அடியில் 2 டிகிரி ஆப்பு வைத்தாலோ பெரும்பாலும் அடங்கிவிடும். இதைக் கவனிக்காமல் டயர் பேலன்ஸிங் மூன்று முறை செய்து காசைக் கரைப்பவர்கள் உண்டு.

பிரேக் விஷயத்தை அழுத்தியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பல பட்டறைகளில் இதைப் பற்றிய பேச்சே வருவதில்லை. சில பிக்கப்களில் பின் ஆக்சிலிலிருந்து ஒரு கம்பி மேலே போய் சேஸில் உள்ள ஒரு வால்வைத் தொடும். லோடு ஏறி சேஸ் கீழே வந்தால், பின் பிரேக்குக்கு எண்ணெய் அழுத்தம் கூடட்டும் என்பதற்கான ஏற்பாடு அது. நீங்கள் பின்பக்கத்தை 50 மி.மீ. உயர்த்தினால் அந்த வால்வுக்கு வண்டி எப்போதும் காலி என்றே தோன்றும். முழு லோடோடு இறக்கத்தில் வரும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும், முன் பிரேக் சூடேறிக் கருகும். கம்பியின் பிராக்கெட்டை உயர்த்திய அளவுக்கே நகர்த்திக் கொடுக்க வேண்டும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அது சரியில்லை என்று தெரிந்துகொள்வது மிகத் தாமதம். கூடவே, சக்கரத்தைத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், ஹேண்ட் பிரேக் கேபிள், ஆக்சில் மூச்சுக் குழாய் நான்கும் இழுபடாமல் தளர்வாக இருக்கின்றனவா என்று கையால் தொட்டுப் பாருங்கள்.

அடுத்தது ஹெட்லைட். ஹைலக்ஸின் வீல்பேஸ் 3085 மி.மீ. முன்பக்கத்தை மட்டும் 50 மி.மீ. உயர்த்தினால் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் வெளிச்சம் 16 செ.மீ. மேலே போகும். டிம் லைட்டைப் பொதுவாக 10 மீட்டருக்கு 10 முதல் 15 செ.மீ. வரை கீழே இறங்கும்படிதான் அமைப்பார்கள். ஆக, லெவலிங் செய்த அன்றிலிருந்து உங்கள் டிம் லைட் எதிரே வருபவர் முகத்தில் அடிக்கிறது. இதன் மேல் தொட்டியில் லோடு ஏறிப் பின்பக்கம் 40 மி.மீ. இறங்கினால், கணக்கு 10 மீட்டருக்கு 29 செ.மீ. ஆகிவிடும். இரவில் எதிரே பைக்கில் வருபவருக்குச் சாலையே தெரியாது. வேலை தொடங்கும் முன் சுவருக்கு நேராக 10 மீட்டரில் நிறுத்தி வெளிச்சத்தின் மேல் விளிம்பை டேப் ஒட்டிக் குறியுங்கள். லெவலிங் முடிந்து அதே இடத்தில் நிறுத்தி, விளக்கின் பின்னால் உள்ள திருகைத் திருப்பி விளிம்பைப் பழைய குறிக்குக் கொண்டுவாருங்கள். பத்து நிமிட வேலை. லோடு ஏற்றுபவர்களுக்கு லெவலிங்கை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதுதான் முதல் காரணம். முன் சக்கரத்தின் பிடி குறைந்து ஸ்டீயரிங் மிதப்பது இரண்டாவது.

வண்டி கவிழும் போக்கையும் ஒரு கணக்கில் பார்க்கலாம். இரு சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தின் பாதியை, எடை மையத்தின் உயரத்தால் வகுத்தால் வருவதுதான் நிலைத்தன்மை எண். அகலம் 1500, மையத்தின் உயரம் 700 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 1.07. 50 மி.மீ. உயர்த்தியதும் 1.00. மேலே கேரியரில் கூடாரமும் தண்ணீர் கேனும் ஏற்றினால் இன்னும் இறங்கும். வளைவில் பழைய வேகம் இனிப் பழைய வேகம் இல்லை.

மாட்டும் வேலையில் பட்டறைகள் அதிகம் தவறு செய்யும் இடம், போல்ட்டை இறுக்கும் நேரம். கன்ட்ரோல் ஆர்ம், பட்டைக் கண், ஷாக்கிள் எல்லாவற்றிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிட்டால், கீழே இறக்கியதும் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே மாட்டிக்கொள்ளும். சில மாதங்களில் கிழியும், அதுவரை கிரீச்சென்று சத்தம் போடும். தொங்கும்போது கையிறுக்கம் மட்டும். சக்கரம் தரையில் பட்டு, வண்டியை இரண்டு மூன்று முறை அமுக்கி விட்ட பிறகுதான் மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு இறுக்க வேண்டும். இதை மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஸ்பிரிங்கை அமுக்காமல் ஸ்ட்ரட்டின் நடு நட்டைக் கழற்றவே கூடாது. அதில் அடைபட்டிருக்கும் விசை ஒரு ஆளைத் தூக்கி எறியும். சரியான ஸ்பிரிங் கம்பிரஸர் இல்லாத பட்டறையில் அந்த வேலை வேண்டாம்.

ஹைலக்ஸில் கேம்பர் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), கேஸ்டர் (பக்கவாட்டில் ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) இரண்டையும் திருத்துவது லோயர் ஆர்மின் கேம் போல்ட்டில்தான். ஐந்தாறு வருடம் ஓடிய வண்டியில், அதிலும் கடற்கரை ஊர் வண்டியில், அது புஷ்ஷோடு துருப்பிடித்து ஒட்டியிருக்கும். இரண்டு நாள் முன்பே துரு நீக்கும் எண்ணெய் அடித்து, அசைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிட்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். அசையாவிட்டால் போல்ட்டை அறுத்து, புஷ் மாற்ற வேண்டிவரும். முன்பக்கம் உயர்ந்ததும் கேம்பர் வெளிப்பக்கம் சாயும், கேஸ்டர் குறையும், டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளே அல்லது வெளியே திரும்பியிருக்கும் அளவு) மாறும். கேஸ்டர் குறைந்த வண்டி நெடுஞ்சாலையில் அங்குமிங்கும் அலையும், வளைவு முடிந்தும் ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது. டோவை மட்டும் சரிசெய்து ‘அலைன்மென்ட் முடிஞ்சுது’ என்று அனுப்பும் கடைகள் உண்டு; மூன்று எண்களும் அச்சடித்த தாளைக் கேட்டு வாங்குங்கள். வேலைக்கு முன்பும் ஒரு தாள் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட வசதி. முன்பக்கக் கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிகளுக்கு அதையும் சர்வீஸ் சென்டரில் மறுபடி காலிபரேட் செய்ய வேண்டும்.

இந்தியாவில் சட்டம் இதில் கறாராகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். மஞ்சள் போர்டு வண்டி என்றால் எஃப்.சி. (தகுதிச் சான்று) சோதனையில் நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் சர்வேயர் முதலில் தேடுவது இதுபோன்ற மாற்றத்தைத்தான். சஸ்பென்ஷன், ஆக்சில் வாரண்டியையும் கம்பெனி மறுக்க இடம் கொடுத்தது போலாகும். ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் எழுத்தில் கேட்டுவிட்டுப் பிறகு கிட்டை வாங்குங்கள். எழுத்தில் அனுமதி வராவிட்டால் டயரோடு நிறுத்திக்கொள்வதே சரி. எப்படியானாலும் கழற்றிய ஸ்ட்ரட், பட்டை எதையும் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். இடம், வலம் என்று பெயிண்டால் எழுதி வீட்டில் வையுங்கள், எஃப்.சி.க்கோ விற்பனைக்கோ திரும்ப மாட்ட வேண்டிவரும்.

வேலை முடிந்து முதல் 100 கிலோமீட்டரில் யூ போல்ட்டை டார்க் ரெஞ்ச் வைத்துத் திரும்ப இறுக்க வேண்டும், 1000-இல் மறுபடி ஒருமுறை. புது ஸ்பிரிங் அதற்குள் 5 முதல் 10 மி.மீ. வரை இறங்கி உட்கார்ந்திருக்கும். அப்போது நான்கு மூலை உயரத்தையும் அளந்து, எழுதி வைத்த பழைய தாளோடு ஒப்பிட்டு, அலைன்மென்ட்டை இரண்டாம் முறை பாருங்கள். அப்படியே குனிந்து நான்கு சி.வி. பூட்டின் மடிப்பையும் விரலால் விரித்து, வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிடுங்கள்.